பிரிக்ஸ் முப்பத்தொன்று

ஆனி பிறந்தால் காவேரிப்பட்டணம் முழுக்க
ஒரே வாசனைதான்.
கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டிய லாரிகள்,
அடியில் நசுங்கி ஒழுகும் பெங்களூரா,
பஸ் ஸ்டாண்டு டீயில்கூட மாம்பழம்.
அதனால்
என் காருக்குள் இனித்ததை
நான் கண்டுகொள்ளவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடத்து மாருதி.
ஊட்டிப் பதிவெண்.
மலையேறிப் பழகின வண்டி மேடம் என்றார் விற்றவர்,
உங்க ஊர் ரோடெல்லாம் அதுக்கு விளையாட்டு.
சேலத்திலிருந்து திரும்புகையில்
தொப்பூர் ஏற்றம் பாதியில்
ஊசி சிவப்பைத் தொட்டது.
ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி,
குரங்குகள் பார்த்திருக்க முக்கால் மணி நேரம்.
சூட்டில் மூடியைத் திறக்காதே என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை;
கொதிகலனுக்கு எதிர் அறையில்
பதினொரு வருடமாக வேலை.

அமானுல்லா முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினான்.
பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
வெந்நீரில் போட்டுக் காட்டினான்:
திறக்குது பாருங்கக்கா, சமத்து.
பிறகு வாட்டர் பம்ப்.
அந்தத் தொகையை இங்கே எழுதப் போவதில்லை,
வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி வண்டிக்கடியில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பேன்.
காலையில் ஒரு சொட்டு இருக்காது.
டப்பாவில் மட்டும் ஒரு விரற்கடை குறைந்திருக்கும்.
போர்த் தண்ணீரை ஊற்றுவேன்.
நம் ஊர்த் தண்ணீர்: குடத்தில் உப்புப் பூக்கும்,
பிள்ளைகள் பல்லில் பழுப்பேறும்.
தெரிந்தும் ஊற்றினேன்.

ஹெட் கேஸ்கெட்டா இருந்தா
எஞ்சினை இறக்கணும்க்கா என்றான் அமானுல்லா,
ஆஸ்பத்திரி வராந்தாக் குரலில்.
புகையில் வெள்ளையில்லை.
ஆயிலில் பால் திரியவில்லை.
ரேடியேட்டர் வாயில் குமிழியும் இல்லை.
பின் எங்கேதான் போகிறது?

ஆவணியில் ஆலையைக் கழுவிவிட்டார்கள்.
லாரிகள் கிரானைட் ஏற்றப் போய்விட்டன.
ஊர் தன் சொந்த வாசனைக்குத் திரும்பியது:
தூசி, டீசல், பக்கத்து வீட்டுக் கருவாடு.
காருக்குள் மட்டும்
ஆனி மாதம் அப்படியே இருந்தது.

மழை வந்த அன்று
முன்கண்ணாடி உள்பக்கமாய் மங்கியது.
துடைத்த விரலில் பிசுக்கு.
இடப்பக்க மிதியடியைத் தூக்கினால்
கீழே விரிப்பு சொதசொத.

மாம்பழச்சாறு காய்ந்தால் ஒட்டும்.
இது வழுக்கியது.
தினம் நாற்பது தொட்டி ருசி பார்த்த நாக்கு,
நீளப் பார்த்தது.
குடிக்கக் கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்தது
நல்லவேளை நினைவுக்கு வந்தது.
பஞ்சில் ஒற்றி எடுத்துப்போய்
மறுநாள் ஆய்வகத்தில், ஆள் இல்லாத நேரம்,
பிரிக்ஸ் மீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு.

பெங்களூரா பதினாலு காட்டும்.
அல்போன்சா, நல்ல வருடமென்றால், பதினெட்டு.
நீலக் கோடு முப்பத்தொன்றில் நின்றது.
இந்த ஜில்லாவில்
அப்படிப் பழுத்த மாம்பழம் கிடையாது.
எந்த லாட்டுப்பா இது, என்றாள்
பின்னால் வந்த சுகுணவதி.
ஊட்டி லாட்டு என்றேன்.

ஹீட்டர்.
கிருஷ்ணகிரியில் யார் போடுவார்கள் ஹீட்டர்?
டேஷ்போர்டுக்குப் பின்னால், யாரும் கேட்காமலே,
உள்ளங்கை இரண்டு அகலத்தில் இன்னொரு ரேடியேட்டர்
எங்கோ பெய்யும் பனிக்காக
வெந்நீர் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.
மூலையில் ஊசித்துளை.

அமானுல்லா இரண்டு ஹோஸையும் பிடுங்கி
ஒன்றோடொன்று வளைத்துச் சேர்த்துக் கிளாம்ப் போட்டான்.
நாற்பத்தைந்து ரூபாய் ரப்பர்.
துருநீரை வடித்துவிட்டு
காய்ச்சி வடித்த தண்ணீரும் பச்சையும் பாதிக்குப் பாதி.
மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு
காற்றுக்குமிழ் கடைசி வரை வரட்டுமென்று
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம்.
அவன் பம்ப்பைப் பற்றிப் பேசவில்லை.
நானும்.

ஏன்க்கா, ஊட்டிக்கே ஒருதரம் போனீங்கன்னா?

ஸ்வெட்டர் இருக்குப்பா.